திங்கட்கிழமை அதிசயம்

அவருக்குப் பூட்டு டெய்லர் என்று பெயர். பூட்டுக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக அந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று பதில் வரும். பாத்திரக் கடை, செருப்புக் கடை, முடிவெட்டும் கடை எல்லாவற்றிலும் அன்றைக்குத்தான் ஆள் நிற்க இடம் இருக்காது. நடுவில் இவர் கடையில் மட்டும் ஷட்டர் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கும். அவ்வளவு பெரிய பூட்டு அந்தக் கடைக்குத் தேவையே இல்லை. திருடிக்கொண்டு போக உள்ளே இருப்பது இரண்டு பழைய தையல் மெஷினும், யார் யாருக்கோ அளவெடுத்து வெட்டிய துணியும்தான். எடுத்துக்கொண்டு போனாலும் திருடனுக்குப் பொருந்தாது. போகிறவர் வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்தப் பூட்டு தொங்கியது.

ஓய்வுநாள் விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை ஒருவன், கோட்டுப் பட்டன் அறுந்துபோய், பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். "தம்பி, இன்னைக்கு நான் ஊசியைத் தொடுறதில்ல. நாளைக்கு வாங்க" என்றார் இவர். நாளைக்கு எதற்கு வருவான். அந்தக் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சனிக்கிழமை இருட்டத் தொடங்கும்போது கடையில் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசியை மேலே தூக்கி நிறுத்தி, வெள்ளைத் துணியால் போர்த்துவார். கைக்குழந்தைக்குப் போர்வை செருகுவதைப்போல் ஓரங்களைச் செருகிவிடுவார். கத்தரிக்கோல் இழுப்பறைக்குள் போகும். கடைசியாக, மெஷின் வேலை முடிந்து கைவேலை பாக்கி இருக்கும் உருப்படிகளை ஒரு பெரிய துணிப்பையில் திணித்துக்கொள்வார். பட்டன் நுழையும் துளைக்கு நூல் சுற்றிக் காஜா கட்டுவது, பட்டன் தைப்பது, ஹூக் வைப்பது, கீழ் மடிப்புக்கு உள்தையல் போடுவது, நூல் பிசிறு வெட்டுவது, எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதை மனைவியிடம் நீட்டுவார்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கோ."

அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பை அவர் கணக்கில் கிடையாது. அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் மெஷின். கால் மிதிக்க வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். கையில் ஊசியை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பது, உட்கார்ந்திருப்பதுதான்.

திங்கட்கிழமை காலை பை திரும்பக் கடைக்கு வரும். எல்லாம் தயாராக, மடித்து, ஒரு பிசிறு இல்லாமல் இருக்கும். அவர் போகும் கிறிஸ்தவ சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை ஓய்வுநாளைப் பற்றிய ஆராதனை நடக்கும்போது, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடை ஏறுவார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வேலை பாதியில கிடக்கும். நான் கவலைப்பட மாட்டேன். போத்தி மூடிட்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஜெபமும் பாட்டும்தான். ஆனா திங்கக்கிழமை காலையில பாத்தா, ஒரு டெலிவரி தவறினதில்ல. கர்த்தரோட நாளை நாம மதிச்சா, நம்ம நாளை அவர் பாத்துக்குவார்."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்று முழங்கும். திங்கட்கிழமை அதிசயம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் அவர் மனைவி இரண்டு கைகளையும் சால்வைக்குள் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த அம்மாளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறை உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு ராப்போஜனம். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது, அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன் என்பாள், தலைவலி என்பாள். முதலில் கேட்டுப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பக்தி கொஞ்சம் கம்மி என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். வீட்டு ஜெபத்தில், அவள் காதுபடவே, "என் மனைவியின் இருதயத்தையும் திறந்தருளும்" என்று உருக்கமாகக் கேட்பார். அவளும் பக்கத்தில் முழங்கால் போட்டு ஆமென் சொல்லுவாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாட்டு டீச்சர் வரும்வரை. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், சபைப் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. கறாரான ஆள். குழுவுக்குப் புதிதாக நீள அங்கிகள் வேண்டும் என்று துணியோடு வந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை துணி சுற்றிய குட்டிக் குட்டிப் பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் கைக்காஜா. பாதி அங்கிகள் வருகிற திங்கட்கிழமை, மீதி அதற்கடுத்த திங்கட்கிழமை என்று பேச்சு. டெய்லர் தலையை ஆட்டிவிட்டார். அந்தப் பட்டன்களைத் தைக்கப் போவது தான் இல்லை என்பதால் தலை சுலபமாக ஆடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல சபையின் ஆண்கள் ஐக்கியக் குழுவோடு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் ஆராதனை, சாட்சி உங்களுடையதுதான் என்று காலையில் பாஸ்டர் சொல்லியிருந்தார். மனசு லேசாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால், பார்க்க வேண்டிய நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாராம். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். பூட்டு டெய்லர் ஒருநாளும் இல்லாத திருநாளாக வெயில் சாய்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் சத்தம் இல்லை. தூங்குகிறாள் போல என்று செருப்பை ஓசைப்படாமல் கழற்றினார். படுக்கையில் ஆள் இல்லை. சமையலறையிலும் இல்லை. லைனிங் துணிச் சுருள்களைப் போட்டு வைத்திருக்கும் சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார்.

பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, கிடைத்த வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அங்கி. இவரைப் பார்த்ததும் அதைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். ஊசியை ரவிக்கைக் கையில் குத்திக்கொண்டாள். அவசரத்தில் அது சதையிலும் ஏறியிருக்க வேண்டும், முகம் சுளித்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் எப்படி எழுந்திருப்பாளோ அப்படி எழுந்து நின்றாள்.

அந்த நேரத்தில் பூட்டு டெய்லர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டும். பிற்பாடு அதை நினைத்து நினைத்துத்தான் அவர் கூனிக் குறுகினார்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா என்ன காரியம் பண்றே நீ?"

"மன்னிச்சிடுங்க" என்றாள். "பாதிதான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு டீச்சர் வந்துடுவாங்க."

"இதுக்கு வேற நேரமே கிடைக்கலையா உனக்கு?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே யோசித்தாள்.

"வேற எப்பங்க? சனிக்கிழமை நீங்க பையைக் கொண்டாரும்போதே இருட்டிடுது. அப்புறம் சாப்பாடு. உங்க வெள்ளைச் சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டு இஸ்திரி போடணும். கோயில் முடிஞ்சு யாராவது சாப்பிட வருவாங்கன்னு காய் நறுக்கி வைக்கணும். திங்கக்கிழமை விடிஞ்சதும் நீங்க பையைக் கேட்பீங்க. நடுவுல இது ஒண்ணுதான் இருக்கு."

டெய்லர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அவளோ அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்து, மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

"பாவம்னு எனக்குத் தெரியும்ங்க. அதனாலதான் ராப்போஜனம் எடுக்கிறதில்ல. கடை ஆரம்பிச்சதுலேர்ந்து எடுக்கல. ஓய்வுநாளைக் கெடுத்த கையோட அதைப் போய் வாங்கக் கூடாதில்ல."

அவர் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் இருதயத்தைத் திறக்கும்படி தான் வருஷக்கணக்காகக் கேட்ட ஜெபங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பக்கத்தில் முழங்கால் போட்டு அவள் சொன்ன ஆமென்கள் அதைவிட மோசமாக ஞாபகத்துக்கு வந்தன. அவருக்கு இது தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வது. எப்போது தைக்கிறாய் என்று அவளிடம் ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் சின்ன அறையில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். எழுந்து போய், வை, நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். காலையில் பை தயாராக இருந்தது. கடையில் பாட்டு டீச்சர் அங்கிகளைப் பிரித்து ஒவ்வொரு பட்டனாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்க அதிசயம் இந்த வாரமும் தவறலையே" என்றார். இவர் அசடு வழிந்துகொண்டு நின்றார்.

மதியம் மகளுக்குப் போன் போட்டார். மகள் வேறு ஊரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி உண்டு. அதைச் சொல்லி அவளை அவர் கண்டிக்காத மாதம் கிடையாது. அப்பா என்றாலே அவள் குரல் கொஞ்சம் சுருங்கித்தான் வரும்.

"அம்மா ஞாயித்துக்கிழமை வேலை செய்றது உனக்குத் தெரியுமா?"



"ஏம்ப்பா, சின்ன வயசுல அம்மாவுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்ததே நான்தானே. தெருவுல உங்க இருமல் கேட்டா ஓடிப்போய்ச் சொல்லணும், அதுவும் என் வேலைதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க நினைக்கவே இல்லப்பா. தெரியாத மாதிரி இருக்கீங்கன்னுதான் நினைச்சோம்."

போனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் இன்ச் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். சாயங்காலம் வேதத்தை எடுத்து ஓய்வுநாள் கட்டளையைத் தேடிப் படித்தார். மனப்பாடமாகத் தெரியும், ஆனாலும் எழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த நாளில் யார் யார் வேலை செய்யக்கூடாது என்று வரிசையாக இருந்தது. மகள் இருந்தாள். வேலைக்காரி இருந்தாள். மாடு இருந்தது. வாசலுக்குள் வந்து தங்கிய அந்நியனும் இருந்தான். மாட்டுக்குக் கிடைத்த லீவு தன் வீட்டில் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது, தனியாக உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு முகம் காதுவரை சுட்டது.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாட்சியில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது. கால்சட்டைத் துணியை வெட்டிக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். "சபையாரே, நான் ஒரு பொய்க்காரன்" என்று ஆரம்பிக்கலாம். அப்புறம் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அதிசயம் செய்த கை இதோ நாலாவது பெஞ்சில் இருக்கிறது என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும், சபையே கண்ணைத் துடைக்கும். இரண்டு நாளில் சாட்சி நன்றாகப் பதமாகிவிட்டது. சொல்லப்போனால் அவர் சொன்ன சாட்சிகளிலேயே இதுதான் சிறந்ததாக வரும்போல் இருந்தது. அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததே அபூர்வம்.

"அதையும் மேடையேறிச் சொல்லிப் பேர் வாங்கணுமா உங்களுக்கு? நீங்க சொல்லிட்டு இறங்கிடுவீங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க. இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை ஒளிஞ்சு உக்காந்து தைச்சவ இவதான்னு. நான் எந்தப் பக்கம் முகத்தை வச்சுக்கிறது?"

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு நாளாக அந்தத் தழுதழுப்பை அவர் ருசித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியும். அதை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் எல்லாரும் போகக் காத்திருந்தார். பாஸ்டர் டீ குடித்த கப்புகளைத் தானே கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். டெய்லரைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

"பாஸ்டர், ஞாயித்துக்கிழமை சாட்சிக்கு வேற யாரையாவது பாருங்க. எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"என்னய்யா இப்படிச் சொல்றீங்க? உங்க அதிசயத்தைக் கேட்கத்தானே பாதிப்பேர் வர்றாங்க."

டெய்லர் ஒரு துணியை எடுத்துக் கப்புகளைத் துடைக்க ஆரம்பித்தார். கை சும்மா இருந்தால் கேட்க வராது.

"ஒரு சந்தேகம். ஒருத்தர் தன் வேலையை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு, தான் மட்டும் ஓய்வுநாளை ஆசரிக்கிறாருன்னு வைங்க. அந்த இன்னொருத்தர் வேற வழியில்லாம அன்னைக்கு வேலை செய்றாங்க. குத்தம் யார்மேல?"

பாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நல்லவேளையாக, மறுபடி கப்பைப் பார்த்தார்.

"அந்தக் கட்டளை முதல்ல யாருக்குக் கிடைச்சுதுங்கய்யா? ஒரு ராஜாவோட செங்கல் சூளையில ஓய்வே இல்லாம அடிமையா வேலை செஞ்சவங்களுக்கு. இனிமே உங்களை யாரும் அப்படி வேலை வாங்கக் கூடாது, நீங்களும் யாரையும் வாங்கக் கூடாதுன்னு சொல்லத்தான் அந்த நாள். செங்கல் சுமந்தவங்கமேல ஆண்டவர் குத்தம் சொல்லல. வேலை வாங்கின ராஜாமேலதான் சொன்னார்."

பிறகு, பேச்சை இலேசாக்க நினைத்தோ என்னவோ, "எனக்கெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் முழு வேலை. திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்குவேன். என்னை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?" என்று சிரித்தார்.

டெய்லரால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார். கேட்டபோதெல்லாம் தன்னை விடுதலையாகிப் போகிற கூட்டத்தில்தான் வைத்துப் பார்த்திருக்கிறார். ராஜாவின் நாற்காலியில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கச்சிதமாகப் பொருந்தியது, அளவெடுத்துத் தைத்த கோட்டு மாதிரி.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பாஸ்டர்கிட்ட கேட்டேன். உன்மேல குத்தம் இல்லையாம்" என்றார்.

"என்னைப் பத்தியா கேட்டீங்க?"

"பேரெல்லாம் சொல்லல. பொதுவா ஒருத்தர்னுதான்."

"டெய்லர் போய்ப் பொதுவா ஒருத்தர்னு கேட்டா, அந்த ஒருத்தர் யாருன்னு பாஸ்டருக்குத் தெரியாதாக்கும்" என்றாள். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, பாஸ்டர் சரியாக என்ன சொன்னார் என்று இன்னொரு தடவை கேட்டாள்.

சனிக்கிழமை அவர் கைவீசிக்கொண்டு வந்தார்.

"பை எங்கே?"

"கடையில இருக்கு."

"மீதி அங்கி திங்கக்கிழமை குடுக்கணுமே."

"ஆமா."

"பட்டன் யாரு வைப்பா?"

"வைக்கல."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவர் தப்பு. டீச்சர் வந்து கடை வாசலில் நின்று கேட்டால் மானம் போகும், இத்தனை நாள் கட்டிக் காத்த பேர் போகும் என்று தூங்கப் போகும்வரை புலம்பினாள். யாருடைய பேர் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஏறினார். பூட்டு டெய்லர் ஏன் ஏறவில்லை என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். அது மாதத்தின் முதல் ஞாயிறு. ராப்போஜனத்துக்கு எல்லாரும் எழுந்தபோது அவள் வழக்கம்போல வெளியே போகத் தொடங்கியவள், கதவருகில் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வரிசைக்குப் போகவில்லை. டெய்லரும் போகவில்லை. எப்போதும் முதல் ஆளாக நிற்கிறவர், காலிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடந்து போனவர் ஒவ்வொருவரும் இவர் என்ன தப்புச் செய்தாரோ என்று யோசித்திருப்பார்கள். யோசிக்கட்டும் என்று இருந்தார். ஒரு நாளுக்கே உடம்பெல்லாம் கூசியது. அவள் இதை எத்தனை வருஷம் தாங்கினாள் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டதும், "நீ போய்ப் படு" என்றார். படுத்தால் தூக்கம் வராது, பழக்கம் இல்லை என்றாள். ஒரு பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. மனைவியின் பகல் குறட்டையை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். ஓய்வுநாளில் பாத்திரம் தேய்ப்பது வேலையா இல்லையா என்று ஒரு நிமிஷம் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. அந்த யோசனையில் கை வழுக்கி ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. அவள் எழவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாட்டு டீச்சர் வந்துவிட்டார். மனைவியும் அன்றைக்குக் கடைக்கு வந்து, பின்பக்கத் திரைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து காஜா கட்டிக்கொண்டிருந்தாள். இவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை இரண்டு இடத்தில் குத்திக்கொண்டு, ஒரு அங்கிக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். வைத்த பட்டன்களும் வரிசையில் நிற்கவில்லை.

"எங்கே, மீதி அங்கி?" என்றார் டீச்சர்.

"ஆகலைங்க."

டீச்சருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. "என்ன?"

"பட்டன் வைக்கலைங்க. புதன்கிழமை தர்றேன்."

"என்ன டெய்லர் இது? இத்தனை வருஷமா ஒரு திங்கக்கிழமை தவறினதில்ல, ஆண்டவர் பாத்துக்குவாருன்னு மேடைக்கு மேடை சொன்னீங்களே. இந்த வாரம் ஆண்டவர் எங்கே போனார்?"

பூட்டு டெய்லர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். திரை அசையாமல் இருந்தது. அந்தப்புறம் நூல் இழுபடும் சத்தமும் நின்றுபோயிருந்தது. அவள் மேடை வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் இங்கே வாயை மூடிக்கொண்டால், அதுவும் இன்னொரு சாட்சியாகிவிடும்.

"ஆண்டவர் எங்கேயும் போகலைங்க" என்றார். குரல் தழுதழுக்கவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது. "அவர் தலையில கட்டி நான் சொன்ன வேலையெல்லாம் என் வீட்டுக்காரி செஞ்சது. தப்பு என்னோடது. நேத்து அவ தூங்கினா."

டீச்சர் கறாரான ஆள்தான். திட்டத்தான் வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் அந்தக் கோணல் பட்டன்களின்மேல் போயிற்று, அப்புறம் திரையின்மேல் போயிற்று. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புதன்கிழமையே வர்றேன்" என்று, டெய்லரிடம் சொல்லாமல், திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வெகுநேரம் கழித்துத்தான் திரைக்கு அந்தப்புறம் நூல் இழுபடும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பாஸ்டர் எல்லாரையும் அழைத்தபோது, நாலாவது பெஞ்சில் அவள் எழுந்து நின்றாள். கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு முன்பக்கம் நடந்தாள். டெய்லர் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு வரிசையின் கடைசியில், அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவள் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். வெளிச்சத்தில் அந்தக் கையை அவர் பார்த்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் தோல் தடித்து, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. எத்தனை சட்டை, எத்தனை கோட்டு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் அந்தக் கையில் அப்பத்தை வைத்தார். அவள் உடனே வாயில் போடாமல், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்தது அவர் முறை. தன் விரலைப் பார்த்தார். ஆறிப்போன இரண்டு குத்துத்தான் அதில் இருந்தது. அந்தக் கையை நீட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. நீட்டினார்.